பெரிய கறி

1

அப்பா இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது, நினைவுப் பூசைக்கு ஊருக்குப் போக வேண்டும் என்று மகளின் பள்ளிக்கூடத்தில் விடுப்புக் கேட்டேன். ஜெர்மனியில் பள்ளி நாளில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வெளிநாடு போவது லேசான காரியம் இல்லை. தலைமை ஆசிரியை மிகவும் மரியாதையாகப் பேசினார். தாத்தா இறந்தால் விடுப்பு உண்டு, இறந்து ஒரு வருடம் ஆனதற்கு விடுப்பு இல்லை. "அவர் ஏற்கெனவே இறந்துவிட்டாரே" என்றார். கடைசியில் நெய்வேலிக்குப் பக்கம் மந்தாரக்குப்பத்தில் இருக்கும் லூர்து அக்காவுக்குப் போன் செய்து, பூசையை இங்கே இலையுதிர்கால விடுமுறை விடும் வாரத்துக்குத் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்டேன்.

"அப்பா செத்த நாள ஒம் பொண்ணு பள்ளிக்கூடம் முடிவு பண்ணுதாடா?" என்றாள் அக்கா. பிறகு அவளே ஃபாதரைப் பார்த்துத் தேதி வாங்கினாள்.

என் மனைவி ஸ்டெல்லா நர்ஸ். அவளுக்கு இங்கே வேலை கிடைத்ததால்தான் நாங்கள் வந்தோம். ஊரில் டிப்ளமோ முடித்துக் காண்ட்ராக்டில் எலக்ட்ரீஷியனாக இருந்தவன் நான். இங்கே என் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்த அதிகாரி, இன்னும் இரண்டு வருடம் படித்தால் அங்கீகரிப்போம் என்றார். நான் படிக்கவில்லை. அவள் வேலை பார்க்கும் மருத்துவமனையின் சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறுகிறேன். ஜெர்மன் மொழியில் மாட்டுக்கு 'ரிண்ட்', குழந்தைக்கு 'கிண்ட்'. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு டாக்டரம்மாவிடம், "இன்றைக்குக் குழந்தைக் குழம்பு எடுத்துக்கொள்ளுங்கள், நன்றாக வெந்திருக்கிறது" என்று சொல்லிவிட்டேன். அந்தம்மா சிரித்துவிட்டுப் போய்விட்டார். ஆனால் சமையலறையில் இன்றுவரை அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். நானும் சேர்ந்து சிரிக்கிறேன். வருடங்கள் போகப்போக, சிரிப்பதும் வேலையில் ஒரு பகுதியாகிவிட்டது.

இப்போது எங்கள் கூடத்தில் ஒவ்வொரு பண்டத்துக்கு முன்னாலும் ஒரு வட்டம் ஒட்டியிருக்கிறோம். பூமிக்குக் கெடுதல் குறைவென்றால் பச்சை, நடுத்தரமென்றால் மஞ்சள், அதிகமென்றால் சிவப்பு. பருப்புக்குப் பச்சை. மாட்டுக்கறி எந்த விதத்தில் சமைத்தாலும் சிவப்பு. சிவப்பைக் கேட்டு வருகிறவர்கள் என்னைத்தான் முறைக்கிறார்கள், ஏதோ நான்தான் ஒட்டினேன் என்பது போல. ஒருவர், "இது உங்கள் ஊர் வழக்கமா?" என்று கேட்டார்.

2

என் மகள் ஜெனிக்குப் பதினாறு வயது. அவள் கறி சாப்பிடுவதை விட்டு மூன்று வருடம் ஆகிறது. முதலில் பள்ளியில் ஏதோ கட்டுரை எழுதினாள். அப்புறம் வெள்ளிக்கிழமைகளில் தோழிகளோடு தெருவில் பூமியைக் காப்பாற்றச் சொல்லி அட்டை பிடித்துக்கொண்டு நின்றாள். அப்புறம் ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் தட்டைத் தள்ளிவைத்தாள்.

அவள் சொல்வதில் பொய் ஒன்றுமில்லை. நானும் தேடிப் படித்துப் பார்த்தேன். மாடு அசைபோட்டு ஏப்பம் விடும்போது வெளியேறும் வாயு பூமியைச் சூடாக்குகிறது. ஐரோப்பாவின் மாடுகளுக்கும் பன்றிகளுக்கும் தீனி விளைவிக்கக் கடல் தாண்டிக் காடுகளை அழிக்கிறார்கள். மனிதன் நேராகத் தின்றால் பலர் பசியாறும் தானியத்தை மாட்டுக்குப் போட்டுச் சிலர் தின்கிறார்கள். இதையெல்லாம் அவள் மூச்சுவிடாமல் சொல்வாள். ஸ்டெல்லா நைட் ஷிஃப்ட் முடித்துக் கண் எரிய உட்கார்ந்திருப்பாள். "எல்லாம் சரிடி. ரெண்டு சமையல் என்னால முடியாது" என்பாள். அப்படித்தான் எங்கள் வீட்டில் கறி நின்றது. கொள்கையால் நின்றது பாதி, அலுப்பால் நின்றது பாதி.

அப்பா உயிரோடு இருந்தபோது ஒருமுறை வீடியோவில் பேசும்போது, ஜெனியின் பின்னால் சுவரில் சாய்ந்திருந்த அட்டையைப் பார்த்து, "என்னா எழுதியிருக்குது அதுல?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் அவளே சொல்லிவிட்டாள்: "நிலக்கரி வேணாம்னு, தாத்தா."

வாழ்நாள் முழுவதும் நெய்வேலி மைன்ஸில் கன்வேயர் பெல்ட் பக்கத்தில் நின்ற மனிதர் அவர். "சரி சரி. எம் பென்சன் வர்ற வரைக்கும் பொறுத்துக்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டு இருமிக்கொண்டே சிரித்தார்.

ஆனால் மாட்டுக்கறி விஷயத்தில் என்னால் அவரைப் போல லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. அவள் பேசும்போதெல்லாம் தட்டோடு எழுந்து போய்விடுவேன். இதைச் சாப்பிடாதே என்று எனக்குச் சொன்னவர்களில் இவள் முதல் ஆள் இல்லை.

3

எங்கள் பூர்வீகம் மேல்பட்டாம்பாக்கம் பக்கம் ஒரு ஊர். ஊர் என்றால் ஊரில்லை, ஊருக்கு வெளியே இருக்கும் காலனி. அங்கே எங்களுக்கென்று ஒரு சின்னக் கோயில், ஒரு சின்னக் கல்லறைத் தோட்டம். அப்பா மைன்ஸில் காண்ட்ராக்டில் சேர்ந்து, பெர்மனென்ட் ஆகி, டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் வாங்கிக் குடிவந்தார். பக்கத்து வீட்டில் யார், எந்த ஜில்லா, எந்தச் சாதி என்று யாரும் வாய்விட்டுக் கேட்காத இடம் அது. அதற்காக யாருக்கும் தெரியாது என்று அர்த்தமில்லை.

எங்கள் வீட்டில் மாட்டுக்கறிக்குப் பெயர் 'பெரிய கறி'. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அப்பா சைக்கிளில் மந்தாரக்குப்பம் போய் வாங்கி வருவார். இலையில் கட்டி, மேலே பேப்பர் சுற்றி, பையின் அடியில் வைத்து, அதன்மேல் கீரைக்கட்டு. அம்மா சமையலறை ஜன்னலைச் சாத்துவாள். கதவைச் சாத்துவாள். அதற்கும் மேலே ஒரு வேலை செய்வாள். கறி வேகும்போது பக்கத்து அடுப்பில் நெத்திலிக் கருவாட்டை வறுப்பாள். கருவாட்டு நாற்றத்தில் கறி வாசனை அமுங்கிப்போகும்.

பக்கத்து குவார்ட்டர்ஸ் சுந்தரி ஆன்ட்டி சைவம். நல்ல மனுஷி. எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். ஞாயிறு மதியம் அவர் வேலிப்பக்கம் வந்து நின்று, "மேரி, உங்க வீட்டுக் கருவாட்டு வாசம் கூடம் வரைக்கும் வருதே" என்பார்.

"அவருக்குப் புடிக்குங்க்கா" என்பாள் அம்மா, முகமெல்லாம் சிரிப்பாக.

அப்பாவுக்குக் கருவாடு கண்ணில் காட்டக் கூடாது. வறுத்ததை நானும் அக்காவும் திங்கட்கிழமை வரை தின்று தீர்ப்போம்.

மைன்ஸிலும் அதே கதை. ஞாயிறு ஷிஃப்ட் விழுந்தால் அப்பா சோற்றுக் கேரியரைக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து பிரிப்பார். ஒருநாள் கூட வேலை பார்த்தவர்களில் ஒருவர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுக் கையை உதறினாராம். வீட்டுக்கு வந்து அப்பா அதைக் கோபமாகச் சொல்லவில்லை. "கரண்ட்டு மட்டும் எவன் கை பட்டு வந்துச்சின்னு எவனும் கேக்கறதில்ல" என்றார். கைகழுவிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

நெய்வேலிப் பக்கத்தில் கறி தின்னாமல் இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வடலூர் பக்கம் எத்தனையோ குடும்பங்கள் எந்த உயிரையும் கொல்லக் கூடாது என்று தலைமுறைகளாக விட்டிருக்கின்றன. பசி என்று யார் போனாலும் சாதி கேட்காமல் சோறு போடுகிற மண் அது. தைப்பூசத்துக்கு ஜோதி பார்க்கப் போகும் கூட்டத்தோடு நாங்களும் சிறு வயதில் போய்ச் சாப்பிட்டிருக்கிறோம். அந்த விரதத்தின்மேல் எனக்கு ஒரு நாளும் மனத்தாங்கல் இருந்ததில்லை. ஆனால் 'அய்யோ உயிர்' என்று விடுகிறவரும் 'ச்சீ அது' என்று விடுகிறவரும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி கையைத்தான் ஆட்டுகிறார்கள். சின்ன வயதில் எந்தக் கை எது என்று கண்டுபிடிக்கப் பார்த்துப் பார்த்து நான் களைத்துவிட்டேன். இப்போது மூன்றாவதாக என் மகள், பூமிக்காக.

4

ஸ்டெல்லாவுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. ஜெனியும் நானும் மட்டும் வந்தோம்.

அக்கா இப்போது மந்தாரக்குப்பத்தில் சொந்த வீட்டில் இருக்கிறாள். இரண்டு அறை, ஒரு சமையலறை, மேலே மொட்டை மாடி. அவள் கணவர் சூசை மாமா பவர் ஹவுஸில் இன்னமும் காண்ட்ராக்ட்தான். பெர்மனென்ட் ஆகும் என்ற பேச்சை அவர்கள் வீட்டில் எடுப்பதை நிறுத்திப் பல காலம் ஆகிறது.

காலையில் பூசை. ஃபாதர் அப்பாவின் பெயரைச் சொல்லும்போது ஜெனி என் கையைப் பிடித்துக்கொண்டாள். கல்லறைக்குப் போய்ப் பூ வைத்து மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வீடு திரும்பும்போது, தெருமுனையிலேயே வாசனை அடித்தது. மிளகும் சோம்பும் தேங்காய்த் துண்டும் போட்டு வறுத்த பெரிய கறி. விடியுமுன் எழுந்து அக்கா ஆக்கி வைத்துவிட்டுத்தான் கோயிலுக்கு வந்திருக்கிறாள். சமையலறை ஜன்னல் இரண்டு கதவும் விரியத் திறந்து கிடந்தது.

ஊரிலிருந்து சித்தப்பா வீட்டார் வந்திருந்தார்கள். வரிசையாக உட்கார்ந்தோம். அக்கா கறிச்சட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஒவ்வொரு இலையாக வந்தாள். ஜெனியின் இலைக்கு வந்தபோது, அப்பாவுக்குப் போடுவது போல ஒரு பெரிய கரண்டி நிறைய எடுத்தாள். ஜெனி இலைமேல் இரண்டு கையையும் விரித்தாள்.

"அத்த, எனக்கு வேணாம்."

"ஏன்டா கண்ணு, வயிறு சரியில்லையா?"

"வயிறு நல்லாருக்கு. நான் மாட்டுக்கறி சாப்பிட மாட்டேன். அது..." சொல் தேடினாள். அவள் கண் மேலே போயிற்று. "அது அசுத்தம். ரொம்ப அசுத்தம், அத்த. பூமிக்கு."

கடைசிச் சொல்லை யாரும் கேட்கவில்லை. அதற்கு முன்னாலேயே எல்லோர் கையும் நின்றுவிட்டது.

மாசு என்று சொல்ல வேண்டும் அவளுக்கு. அந்தச் சொல் அவளிடம் இல்லை. வீட்டில் ஸ்டெல்லா சின்ன வயதிலிருந்து சொல்லும் "கை அசுத்தமா இருக்கு, கழுவிட்டு வா" மட்டும்தான் இருந்தது. இருந்ததை எடுத்து வைத்துவிட்டாள்.

சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "அது அப்டி இல்ல, சித்தப்பா, ஜெர்மன்ல..." என்று ஆரம்பித்தது எனக்கே அபத்தமாகக் கேட்டது.

அக்கா கரண்டியில் எடுத்ததைச் சட்டியிலேயே கொட்டினாள். ஜெனிக்கு ரசம் ஊற்றினாள். மிச்ச இலைகளுக்குப் பரிமாறி முடித்தாள். உள்ளே போய்ச் சட்டியை வைத்து மூடி போட்டாள். பிறகு ஜன்னலைச் சாத்தும் சத்தம் கேட்டது, ஒரு கதவு, அப்புறம் இன்னொரு கதவு.

5

வந்தவர்கள் போன பிறகு பின்பக்கம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அக்காவிடம் போய் நின்றேன்.

"அக்கா, அது தெரியாமச் சொல்லிச்சி."

"தெரியாமத்தான் சொல்லும். கொழந்த. யாரு சொல்லிக்குடுத்தா அத?"

"யாரும் சொல்லல. தமிழ் சரியா வரல."

"அந்த வார்த்த மட்டும் கரெக்டா வந்துச்சேடா." புளியை அழுத்தித் தேய்த்தாள். "எத்தினி வருசம் கழிச்சி ஜன்னலத் தொறந்து வெச்சிகினு ஆக்குறேன் தெரியுமா? இந்த வூடு கட்டுனதே அதுக்குத்தான்னு உங்க மாமா கேலி பண்ணுவாரு. அம்மா செத்துப்போறவரைக்கும் கருவாட்டு வாசத்துலயே நின்னா. நான் நிக்க மாட்டேன்னு இருந்தேன். பொறத்தியாரு சொன்னா தொடச்சிப் போட்டுட்டுப் போயிடலாம். எந்தம்பி பொண்ணு, அப்பா பூசையன்னிக்கி, எங்கூட்டு எலையில..."

தண்ணீரைத் திறந்துவிட்டாள்.

ஜெனியைக் கூட்டிக்கொண்டு டவுன்ஷிப் பக்கம் நடந்தேன். அகலமான ரோடு, இரண்டு பக்கமும் மரம். "இங்க எவ்ளோ மரம்!" என்று அவள் ஆச்சரியப்பட்டாள். நாங்கள் இருந்த பழைய குவார்ட்டர்ஸில் இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள். வேலி ஓரமாக நின்று, இதுதான் சமையலறை ஜன்னல் என்று காட்டினேன். கருவாட்டுக் கதையைச் சொன்னேன். சோற்றுக் கேரியர் கதையைச் சொன்னேன். காலனி என்றால் என்ன, தீட்டு என்றால் என்ன, சித்தப்பாவின் கை ஏன் நின்றது என்றெல்லாம் சொன்னேன். பாதி தமிழ், பாதி ஜெர்மன். தீட்டு என்பதற்கு ஜெர்மனில் எனக்குக் கிடைத்த ஒரே சொல், எங்கள் சாப்பாட்டுக் கூடத்தில் சிவப்பு வட்டத்துக்கு விளக்கமாக எழுதி ஒட்டியிருக்கும், மாசு என்று பொருள்படும் அதே சொல்தான்.

அவள் பக்கத்திலிருந்த சிறுபாலக் கட்டையில் உட்கார்ந்துவிட்டாள். அழுவாள் என்று நினைத்தேன். கோபப்பட்டாள்.

"மூணு வருஷமா சாப்பாட்டு மேஜையில சண்டை போட்டோம். நான் கணக்குச் சொன்னேன், படம் காட்டினேன். நீங்க சும்மா முகத்த தூக்கி வெச்சிட்டு எழுந்து போவீங்க. ஒரு தடவ இதச் சொல்லியிருக்கலாமே அப்பா?"

"ஒனக்கு இதெல்லாம் தெரியாம இருக்கணும்னுதான் அவ்ளோ தூரம் போனோம்" என்றேன்.

"தெரியாததாலதான் இப்ப சொல்லிட்டேன்."

திரும்பி நடந்தோம்.

6

மறுநாள் மத்தியானம் அக்கா மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். கொடியில் காய்ந்த வேட்டியை உதறினால் பவர் ஹவுஸின் மெல்லிய சாம்பல் பறக்கும். அந்த ஊரில் உதறாமல் யாரும் துணி மடிப்பதில்லை. ஜெனி மேலே ஏறிப்போனாள். "நீங்க பேசாதீங்க" என்று எனக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தாள். நான் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டேன்.

"அத்த, நான் சொன்னது தப்பு வார்த்த. எனக்கு வேற வார்த்த வேணும், அது தெரியல. நீங்க செய்யறது அசுத்தம் இல்ல."

அக்கா துணியை மடித்துக்கொண்டே இருந்தாள். "அப்ப என்னாதான் சொல்ல வந்த? சொல்லு."

ஜெனி சொன்னாள். தட்டுத்தடுமாறி, கையைக் காலை ஆட்டி. மாட்டின் வயிற்றைக் காட்ட உதறிய போர்வையை எடுத்துச் சுருட்டி வைத்துக்கொண்டாள். ஏப்பம் என்ற சொல் தெரியாமல் ஏப்பமே விட்டுக் காட்டினாள். அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மாடு ஏப்பம் வுட்டா ஒலகம் அழியுமா? என்னாடி சொல்ற?"

"ஒண்ணு ரெண்டு இல்ல அத்த. அங்க கறிக்குன்னே வளக்கறாங்க, ஆயிரம் ஆயிரமா. அதுக்குத் தீனி போட வேற நாட்டுல காட்ட வெட்டறாங்க."

"நாங்க தெனமுமா திங்கறம்? வாரத்துல ஒரு நாளு. அதுவும் பால் வத்துன மாடு, கெழடு தட்டுன மாடு."

"தெரியும். நீங்க சாப்பிடறது பெரிய பிரச்சனையே இல்ல. அங்கதான் பிரச்சன. காலையில, மத்தியானம், சாயங்காலம் கறிதான்."

"அப்ப அவங்ககிட்ட போயி சொல்லு."

"சொல்றேன். திட்டறாங்க."

அக்காவின் கை நின்றது. "ஒன்னையா? என்னான்னு?"

"உங்க ஊர்ல மாடு சாமிதானே, அதான் நீ சாப்பிடல, அத எங்க மேல திணிக்காதன்னு."

"மாடு சாமியா?" அக்கா மடித்த துணியைக் கீழே வைத்துவிட்டாள். "நமக்கா?" அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. ஜெனியும் சிரித்தாள். கீழே படியில் உட்கார்ந்திருந்த எனக்குச் சிரிக்க வரவில்லை. அங்கே அவளை இப்படி நினைக்கிறார்கள், இங்கே அப்படி நினைத்தோம். நடுவில் அந்தப் பெண் சொல்ல வந்ததை யாரும் கேட்கவில்லை, நான் உட்பட.

சிரிப்பு அடங்கியதும் அக்கா பவர் ஹவுஸ் பக்கம் கையை நீட்டினாள். புகைக்கூண்டுகளிலிருந்து வெள்ளையாகப் புகை போய்க்கொண்டிருந்தது. "அதுக்கு என்னா சொல்ற?"

"அதுவும்தான் அத்த. அது இன்னும் பெரிசு."

"அது நின்னுட்டா உங்க மாமா எங்க போவாரு?"

ஜெனி அந்தப் பக்கம் பார்த்தாள். "எனக்குத் தெரியல, அத்த" என்றாள்.

தெரியவில்லை என்று அவள் சொல்லி நான் கேட்டது குறைவு. அக்கா அந்தப் பதிலை ஒத்துக்கொண்டது போலத் தலையாட்டினாள். "ஐப்பசி பொறந்தாச்சி, ஒரு மழ காணும். வெயிலு பங்குனி மாதிரி அடிக்குது. நீ சொல்றதுல ஏதோ இருக்குது, இல்லன்னு சொல்லல" என்றாள். அப்புறம், "போர்வையக் குடு. மாட்டு வயிறாம்" என்று பிடுங்கிக்கொண்டாள்.

7

சுந்தரி ஆன்ட்டி குடும்பம் ரிட்டயர் ஆனபின் வடலூரில் வீடு கட்டிக்கொண்டு போய்விட்டது. அப்பா இறந்தபோது உடம்பு முடியாமல் அவரால் வர முடியவில்லை. ஜெர்மனிக்குத் திரும்புமுன் ஒரு நடை பார்த்துவிட்டு வரலாம் என்று அக்காவும் ஜெனியும் நானும் போனோம்.

ஆன்ட்டிக்கு முட்டி வலி. ஆனாலும் அவரே எழுந்து காபி போட்டுக் கொண்டுவந்தார். அப்பாவைப் பற்றி நல்லவிதமாகப் பேசினார். அம்மாவை நினைத்துக் கண் கலங்கினார். "மத்தியானம் இங்கயே சாப்பிட்டுப் போங்க. நம்ம வீட்ல சைவம்தான். வெளிநாட்டுப் பொண்ணு, இதெல்லாம் எறங்குமோ என்னமோ" என்றார்.

"புள்ள கறியே தொடாதுங்க்கா" என்றாள் அக்கா, மரியாதைக்கு.

ஆன்ட்டியின் முகம் மலர்ந்துவிட்டது. ஜெனியின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்தார். "அட! உங்க வீட்ல இப்டி ஒரு பொண்ணா! எவ்ளோ சுத்தமா வளத்திருக்கப்பா. மேரி இருந்து பாக்கணும்."

அவர் வேண்டுமென்று சொல்லவில்லை. அன்பாகத்தான் சொன்னார். அதனாலேயே தலையைக் குனிந்து காபியைக் குடித்தேன். அக்காவும் குனிந்துகொண்டாள். இரண்டு பேருக்கும் அது பழக்கப்பட்ட குனிவு.

ஜெனி அந்தக் கைகளை மெதுவாகக் கன்னத்திலிருந்து எடுத்து, பிடித்தபடியே சொன்னாள்.

"ஆன்ட்டி, நான் சுத்தத்துக்காக விடல. எங்க அத்த செய்ற மாட்டுக்கறி சுத்தமாத்தான் இருக்கும். நான் விட்டது வேற காரணம்."

அந்த மனுஷியின் முன்னால் எங்கள் குடும்பத்தில் யாரும் அந்தச் சொல்லை உச்சரித்ததில்லை.

"மாட்டுக்கறியா?" என்று ஆன்ட்டி மெல்லக் கேட்டு, அக்காவைப் பார்த்தார்.

அக்கா டம்ளரைக் கீழே வைத்தாள். "ஆமாங்க்கா" என்றாள். "அப்பவும் அதுதாங்க. கருவாடு சும்மா."

ஆன்ட்டி புடவைத் தலைப்பை மடியில் நீவிவிட்டுக்கொண்டார். "எனக்குத் தெரியும்டி லூர்து" என்றார். "அப்பவே தெரியும்."

தெரிந்தும் வாராவாரம் வேலிக்கு வந்து கருவாடு கருவாடு என்று சொன்னது, அம்மாவைக் காப்பாற்றவா, அடக்கி வைக்கவா? எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆன்ட்டிக்கும் விளங்கியிருக்குமா தெரியாது. அவர் எழுந்து உள்ளே போய் முறுக்குத் தட்டோடு வந்தார். ஜெனிக்கு முதலில் நீட்டினார். ஜெனி எடுத்துக்கொண்டாள். பிறகு பேச்சு ஜெனியின் படிப்பைப் பற்றிப் போயிற்று. சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினோம்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் அக்கா ஜெனியின் தொடையில் ஒரு அடி வைத்தாள். "ஏன்டி, அங்க போயி அதச் சொல்லணுமா? நாளைக்கி நீ பிளேன் ஏறிடுவ. நான் இந்த ஊர்லதான குந்திகினு இருக்கணும்?" திட்டிக்கொண்டே வந்தவள் பாதி வழியில் நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எட்டிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

8

கிளம்புகிற அன்று ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போல அக்கா வீட்டில் பெரிய கறி. ஜெனிக்குத் தனியாக முருங்கைக்கீரையும் பூசணிக்காய்க் கூட்டும். மாமா ஷிஃப்டுக்குப் போயிருந்தார். நாங்கள் மூன்று பேர்தான்.

இந்தக் குறிப்புகளைப் படிக்கிற உங்களில் யாராவது, கடைசியில் யார் சொன்னது சரி என்று கேட்கலாம். ஜெனி சொல்வது சரி. மாடுகள், காடு, சூடு, எல்லாம் சரி. அக்கா ஜன்னலைத் திறந்து வைத்திருப்பதும் சரி. இரண்டையும் ஒரே மனதில் வைத்துக்கொண்டு நடமாடுவது அலுப்பான வேலை. ஜெர்மனிக்குத் திரும்பி வந்தபின் நான் வெளியில் சாப்பிடுவதைக் கொஞ்சம் குறைத்திருக்கிறேன். இங்கே விற்பது எங்கள் பெரிய கறி இல்லை, அதற்கென்றே அடைத்து வளர்த்த வேறு ஏதோ ஒன்று என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். சில நாள் அது எடுபடுகிறது. சில நாள் பசிக்கிறது.

அன்று அக்கா கறிச்சட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு உட்கார்ந்தாள். எழுந்து பரிமாற அவளால் முடியவில்லை போலிருந்தது. ஒரு வாரமாக ஓயாத வேலை. ஜெனி எழுந்து கரண்டியைக் கையில் எடுத்தாள். முதலில் அக்கா தட்டில் போட்டாள், தேங்காய்த் துண்டு பார்த்து. பிறகு என் பக்கம் வந்து, இரண்டு துண்டு வைத்து, கரண்டியை எடுத்துவிட்டாள்.

"இன்னும் போடுடி" என்றாள் அக்கா.

"அப்பாவுக்கு ரெண்டு போதும், அத்த."

"ஒரு வருசம் கழிச்சி வந்திருக்கான். எந்தம்பிடி அவன். போடு."

ஜெனி என்னைப் பார்த்தாள். பெருமூச்சு விட்டுக்கொண்டே குனிந்து, சட்டியில் துழாவி, எலும்போடு ஒரு துண்டை எடுத்து என் சோற்றின் மேல் வைத்தாள்.